தளர்வான பிடி

முதல் நாள் ஆளுக்கொரு மட்டையைக் கொடுத்துவிட்டு, அதோடு கை குலுக்கச் சொன்னாள் கோச். பாட்மின்டனில் முதல் பாடமே அதுதானாம். வீட்டுக்கு வந்தவரிடம் கை நீட்டுவது போல நீட்டி, அந்த வாக்கிலேயே கைப்பிடியைப் பற்ற வேண்டும். என் கணவர் மட்டையைப் பார்த்து, "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று விசாரித்தார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய வலது கையை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

அவருக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஜன்னலுக்கு, மேஜைக்கு, அலமாரிக் கதவுக்கு அளவு பார்த்துக் கண்ணாடி வெட்டிக் கொடுப்பவர். கம்பளி விரித்த பெரிய மேஜையில் கண்ணாடியைப் படுக்க வைத்து, அளவுகோலை அணைத்து, வைர முனை வைத்த வெட்டுக்கருவியால் ஒரே ஒரு இழுப்பு. அதே கோட்டில் இரண்டாம் தடவை போனால் கண்ணாடி நம் பேச்சைக் கேட்காது என்பார். இழுத்த பிறகு கோட்டை மேஜை விளிம்புக்குக் கொண்டுவந்து ஒரு அழுத்து. சொன்ன இடத்தில் சொன்னபடி உடையும். உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று நான் கேலி செய்வேன்.

முதலில் அந்தக் கோடு கொஞ்சம் அலைய ஆரம்பித்தது. வெட்டுக்கருவி மழுங்கிவிட்டது என்று புதிது வாங்கினார். அப்புறம் ஒரு ஆளுயரக் கண்ணாடி கையிலிருந்து நழுவியது. கையுறை வழுக்கிவிட்டது என்றார். வீட்டில் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று சொல்லிக்கொண்டே நானும் போட்டுவிட்டேன். கொஞ்சல் தினமும் காலையில் சரியாக வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு வந்தபோதுதான் அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

நரம்பு டாக்டர் கையில் ஊசிகளைக் குத்தி, கம்பிகளை மாட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார். போன நரம்புக்குத் திரும்ப உயிர் வராது. விரலில் தொடங்கியிருக்கிறது, முழங்கைக்கு ஏறும், அங்கேயும் நிற்காது. மருந்து நிறுத்தாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உடம்பை ரொம்ப அலட்டிக்கொள்ளாமல் லேசாக உடற்பயிற்சி செய்யலாம், மூட்டு இறுகாமல் இருக்கும். இப்படித்தான் சொன்னார். நான் காதால் கேட்டேன்.

வெளியே லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இவர் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, எக்சர்சைஸ் பண்ணா சரியாயிடும்னு சொல்லிட்டார்" என்றார். அந்த அறைக்குள் எனக்குத் தெரியாமல் வேறொரு டாக்டரும் இருந்தாரா என்று கேட்டேன். அவர் லிஃப்டின் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்கு வருகிற தச்சர் ஒருவர் ஓசியில் வைத்தியம் சொல்லியிருக்கிறார். மணிக்கட்டுக்கு பாட்மின்டன் மாதிரி வேறு எதுவும் இல்லையாம். டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை, தச்சர் சொன்னது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. கற்றுக்குட்டிகளுக்கான காலை வகுப்பில் சேர்ந்தார். கூட நானும் சேர்ந்தேன். ஷூ லேஸ் கட்டிவிட ஒரு ஆள் வேண்டுமே.

அந்தக் கூடம் முன்பு டயர் கிடங்காக இருந்தது. இன்னும் ரப்பர் வாடை போகவில்லை. தகரக் கூரை, தரையில் வெள்ளைக் கோடுகள், ஷட்டில் கண்ணுக்குத் தெரிவதற்காகச் சுவர் முழுக்கப் பச்சைத் துணி. எங்களுக்கு நைலான் ஷட்டில்தான். இறகு வைத்தது விளையாடத் தெரிந்தவர்களுக்கு. கோச் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும் சின்னப் பெண். அவள் குரலே விசிலுக்கு மேல் இருந்ததால் எங்களுக்குள் அவளுக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவளுக்கும் அது தெரியும் என்று நினைக்கிறேன்.

கற்றுக்குட்டிகளின் வியாதி பலம் என்பாள் விசில். எல்லாரும் மட்டையை இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கினால் மணிக்கட்டு திரும்பாது, மணிக்கட்டு திரும்பாவிட்டால் ஷட்டில் போகாது. முட்டையைப் பிடிப்பது போல, உடையவும் கூடாது விழவும் கூடாது என்று தளர்வாக வைத்திருக்க வேண்டும். ஷட்டில் மட்டையில் படுகிற அந்த ஒரு நொடி மட்டும் விரல்கள் மூட வேண்டும். பட்டதும் மறுபடி தளர்ந்துவிட வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. எங்களோடு சேர்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர் விறகு பிளப்பது போல மட்டையைப் பிடித்தார். என் பிடியைப் பார்த்து, "அக்கா, அது கழுத்த நெரிக்காதீங்க, அது உங்கள ஒண்ணும் பண்ணல" என்றாள். நான் அடித்த முதல் ஷட்டில் கூரைத் தகரத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே போய்ச் செருகிக்கொண்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் கூரை தாழ்வு என்றேன்.

விசில் ஒவ்வொருவர் கையாகத் திருத்திக்கொண்டே வந்து என் கணவரிடம் நின்றாள். அவர் கையைத் தூக்கிப் பார்த்தாள், இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். எல்லாரையும் கிட்டே வரச் சொன்னாள்.

"இவர் பிடியப் பாருங்க. இதுதான் பிடி."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆங்கில 'வி' எழுத்து மாதிரி ஒரு வடிவம் விழ வேண்டும், அதன் கூர் கைப்பிடியின் ஒடுங்கிய பக்கத்துக்கு நேராக நிற்க வேண்டும். எங்களுக்கெல்லாம் அந்த இடத்தில் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. இவருக்கு மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி வடிவம் தெரிந்தது. ஏன் தெரிந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துச் சதை வற்றிப்போய்விட்டது. அங்கே விழுந்திருக்கும் பள்ளத்தில் ஒரு சட்டைப் பொத்தானை உட்கார வைக்கலாம். மட்டையை அவர் தளர்வாகப் பிடிக்கவில்லை. அவரால் அவ்வளவுதான் பிடிக்க முடியும்.

இதற்கு முன்னால் விளையாடியிருக்கிறீர்களா என்று விசில் கேட்டாள். இல்லை, எல்லாம் கண்ணாடி பழக்கிய கைதான் என்றார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து செத்துக் கிடந்த முகம், பளிச்சென்று உயிர் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? அந்தப் பெண் கண்ணால் கண்டதைத்தானே சொன்னாள்.

அன்றிலிருந்து அவர் மாடல் சார் ஆகிவிட்டார். புதிதாக யார் சேர்ந்தாலும் விசில் அவரை நடுவில் நிறுத்தி அவர் கையைக் காட்டிப் பாடம் எடுப்பாள். வலைக்குப் பக்கத்தில் நின்று அவர் ஷட்டிலைத் தொட்டால், அது வலையை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் சொத்தென்று விழும். எங்களுக்கு அது வரவே வராது, நாங்கள் தொட்டால் பின்சுவருக்குப் போய்விடும். இந்த மென்மை வர எனக்கு வருஷக்கணக்கில் ஆயிற்று என்று அவள் சொன்னாள். பின்கோடு வரைக்கும் உயர்த்தி அடிக்கச் சொன்னால் மட்டும் அவருடைய ஷட்டில் பாதி வழியில் இறங்கிவிடும். அதற்கும் அவளிடம் சமாதானம் இருந்தது. பலத்தை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் சார், மென்மைதான் சொல்லிக் கொடுத்து வராது என்றாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவள் போலப் போய் அந்தப் பச்சைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் விசிலைத் தனியே பிடித்து, அவர் கையில் கொஞ்சம் பலவீனம் இருக்கிறது என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை. வீட்டுக்காரர் நன்றாக விளையாடினால் பொறாமைப்படக் கூடாது அக்கா என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து அவர் தூரத்திலிருந்து கை ஆட்டினார். கோச்சிடம் தன்னைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று அவருக்குப் பெருமை. நானும் கை ஆட்டினேன்.

வீட்டில் அவர் அலப்பறை தாங்க முடியவில்லை. நான் கரண்டி பிடித்தாலும் குற்றம், துடைப்பம் பிடித்தாலும் குற்றம். தளர்வா பிடி, தளர்வா பிடி என்று பின்னாலேயே வருவார். ஒரு வகையில் அவரைக் குறை சொல்ல முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் எதிலும் ஜெயித்ததில்லை. கேரம், சீட்டு, வாய்ச்சண்டை, எதிலும் இல்லை. கேரமில் அவருக்கு ஒரே ஒரு காய் பாக்கி இருக்கும், எனக்கு ஏழெட்டு இருக்கும், அப்போதும் நான்தான் முடிப்பேன். விட்டுக் கொடுப்பவர் கெட்டுப் போவதில்லை என்று பழமொழி சொல்லிப் பார்ப்பார். ஒரு தடவை ஜலதோஷமும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தவர், இன்றைக்காவது ஒரு ஆட்டம் விடேன் என்று கெஞ்சினார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டு அவரைத் தோற்கடித்தேன். ஜெயித்தால் நிஜமாக ஜெயிக்க வேண்டும், பிச்சை வாங்கக் கூடாது என்பது என் கட்சி. அவரும் கடைசியில் அதை ஒப்புக்கொண்டுவிட்டார். நீ நல்லா இருக்குன்னு சொன்னா அது நல்லா இருக்கும் என்று சிரிப்பார்.

அந்த ஆளுயரக் கண்ணாடி உடைந்த பிறகு ஓனர் அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அளவு எழுதிக்கொள்வதும் போன் எடுப்பதும்தான் வேலை. வெட்டும் மேஜைக்கு வேறொருவர் வந்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இவர் சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தார். வருகிற திங்கள்கிழமையிலிருந்து மறுபடி மேஜைக்குப் போகப் போகிறாராம். கை சரியாகிவிட்டது, கோச்சே சொல்லிவிட்டாள் என்று ஓனரிடம் சொல்லி, ஓனரும் சரி என்றுவிட்டாராம். பெரிய துணிக்கடை ஒன்றுக்கு முகப்புக் கண்ணாடி மாற்றுகிற வேலை. ஒவ்வொரு கண்ணாடியும் கதவை விட உயரம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று தூக்க வேண்டும்.

அந்தப் பக்கம் நிற்கப்போகிறவரை நினைத்தேன். அவருக்கும் காலும் கையும் கழுத்தும் இருக்கின்றன. அவர் வீட்டிலும் ஒருத்தி காத்துக்கொண்டிருப்பாள்.

"டாக்டர் என்ன சொன்னார்னு நான் ஒரு தடவ சொல்லட்டுமா?" என்றேன்.

"டாக்டர் ஒரு தடவ ஊசி குத்திப் பாத்தார். அந்தப் பொண்ணு தினமும் என் கையப் பாக்குது. நான் யார் பேச்ச நம்பறது, நீயே சொல்லு."

வாயால் சொன்னால் கேட்க மாட்டார் என்று தெரிந்துவிட்டது. அவர் கையே அவருக்குச் சொன்னால்தான் உண்டு. அதற்கு ஒரு வழி கிடைக்காதா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

வழி மறுநாள் காலையே வந்தது. இன்றைக்கு ஸ்மாஷ் என்றாள் விசில். மேலிருந்து ஓங்கி அடிப்பது. எல்லாருக்கும் ஒரே குஷி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு, தளர்வாகப் பிடிக்கக் கற்றாகிவிட்டது, சரியான நேரத்தில் இறுக்க வருகிறதா பார்க்க வேண்டும், வராவிட்டால் ஓங்கி அடிக்கும்போது மட்டை பறந்துபோய் யார் மண்டையிலாவது விழும் என்றாள். இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருவர் கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்திருப்பார். மற்றவர் எதிரே நின்று மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். விசில் ஊதியதும் முதலாமவர் விரலை மூடி இறுக்க, மற்றவர் இழுத்துப் பார்க்க வேண்டும். கையை விட்டு வரக் கூடாது.

மருந்துக்கடைக்காரரை அவருடைய ஜோடி இழுத்தபோது, மட்டையும் வரவில்லை, மருந்துக்கடைக்காரரும் விடவில்லை, இருவருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். என் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடைசியில் எங்கள் முறை வந்தது. மாடல் சார் செய்வதை எல்லாரும் பார்க்கட்டும் என்று விசில் அத்தனை பேரையும் சுற்றி நிற்க வைத்தாள்.

அவர் கை குலுக்குவது போல மட்டையைப் பற்றி என் முன்னால் நீட்டினார். நான் அதன் கழுத்தைப் பிடித்தேன். ஒரு இழுப்புப் போதும். அது என் கையோடு வந்துவிடும், அவர் பார்த்துவிடுவார், திங்கள்கிழமை யாரும் கண்ணாடிக்கு அடியில் நிற்க வேண்டியிருக்காது. இழுத்துவிட வேண்டும் என்றுதான் நின்றேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விசில் ஊதினாள்.

அவர் விரல்களைப் பார்த்தேன். சுண்டுவிரல் மூடியது. அடுத்த விரல் பாதி வந்தது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர் அழைக்கிறார், அவை வரவில்லை. முழங்கை நடுங்கியது, தோள் உயர்ந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு மொத்தமும் திரண்டு அந்தக் கட்டைவிரலை உந்தியது. மட்டை வழியாக எனக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. அலமாரியில் வைத்திருக்கும் மட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது.

"இழு" என்றார்.

நான் பல்லைக் கடித்தேன். காலை அகட்டி வைத்துப் பின்னால் சாய்ந்தேன். கை நடுங்கும்படி செய்தேன், மூச்சு வாங்கினேன். எல்லாம் செய்தேன், இழுக்க மட்டும் செய்யவில்லை.

"யப்பா, வரமாட்டேங்குது" என்றேன்.

எல்லாரும் கை தட்டினார்கள். பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன் என்று விசில் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"நல்லா இழுத்தியா?" என்றார் மெதுவாக.

"இழுத்தேனே."

"பலமா?"

"ஆமாங்க. வரல."

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மட்டையிலிருந்து தன் கையை எடுத்துவிட்டார். கைத்தட்டல் ஓயவில்லை, யாரும் கவனிக்கவில்லை. மட்டை கீழே விழவில்லை, இருந்த உயரத்தில் அப்படியே இருந்தது. அவ்வளவு நேரமும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தது என் கைதான்.

அவர் வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் மட்டையை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். காலை நீட்டினார். குந்தி உட்கார்ந்து லேஸை அவிழ்த்தேன். காலையில் நானே போட்ட இரட்டை முடிச்சு, அவிழ மாட்டேன் என்றது. உள்ளே ஸ்மாஷ் தொடங்கியிருந்தது. ஷட்டில்கள் மடார் மடார் என்று பச்சைத் துணியில் அடித்தன. மாடல் சார் எங்கே என்று விசில் யாரிடமோ கேட்டாள்.

"திங்கக்கிழம ஓனர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றார்.

இரண்டாவது ஷூவையும் கழற்றினேன். அவர் குனிந்து, வராத அந்த விரல்களை என் தலைமேல் வைத்தார்.

"காய்ச்சல்ல கெடந்தப்பகூட ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்ததில்ல நீ" என்றார். "இன்னிக்குக் குடுத்துட்டியே."